மொட்டையடிக்கச் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் குடும்பப் பக்கத்தில் கோடைக் குறிப்புகள் வந்திருந்தன. நுங்கு, நன்னாரி, வியர்க்குரு, மண்பானைத் தண்ணீர் என்று எல்லாம் நல்ல விஷயங்கள்தான். கடைசியாக இருந்த பெட்டிச் செய்திதான் என்னை எழுத உட்கார வைத்தது. வீட்டு நாய்க்கு முடி அதிகம் கொட்டினால் கோடை முடியும்வரை முழுவதுமாக மழித்துவிடலாம், முடித் தொல்லையும் தீரும், நாய்க்கும் குளிர்ச்சி என்று அதில் போட்டிருந்தீர்கள். எழுதியவர் பெயர் இல்லை. அந்தப் பக்கத்தை எங்கள் தெருவில் ஒருவர் செல்போனில் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டார். திங்கட்கிழமை காலையிலேயே சலூன்காரத் தம்பியின் மெஷினை இரவல் கேட்டு இரண்டு பேர் போய்விட்டார்கள்.

அந்தக் குறிப்பு ஏன் தப்பு என்பதையும், முடி கொட்டுவதற்கு உண்மையில் என்ன செய்யலாம் என்பதையும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். வெட்டிப் போடுவதானால் என் கதையை வெட்டுங்கள், நாயைப் பற்றிய விவரத்தை வெட்டாதீர்கள்.

நான் ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் என்கிற ஊரில் வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருப்பவள். ரவிக்கை, சுடிதார், பள்ளிச் சீருடை எல்லாம் உண்டு என்றாலும் வேலையில் பெரும்பகுதி பர்தாதான். வேதாளை, மரைக்காயர்பட்டினம், உச்சிப்புளிப் பக்கமிருந்தெல்லாம் துணி வரும். என் தம்பி துபாய்க்கு வேலைக்குப் போகும்போது அவன் வளர்த்த லேப்ரடாரை எங்களிடம் விட்டுவிட்டுப் போனான். குட்டியாக இருந்தபோது இருந்த நிறத்துக்குப் பிள்ளைகள் அதற்குச் சங்கு என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆக, வீட்டில் வெள்ளை நாய், கடையில் கறுப்புத் துணி. நாய் முடி பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் இதுதான் தகுதி.

வேதாளையிலிருந்து ஒரு லாத்தா (வயதில் மூத்த முஸ்லிம் பெண்) வருவார். அவருடைய மகளுக்கும் பேத்திக்கும் நான்தான் தைக்கிறேன். ஒருநாள் தைத்து வாங்கிய துணியை மடியில் விரித்து, டியூப் லைட்டுக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தார். தோள்பட்டைத் தையலில் நூலோடு நூலாக ஒரு முடி ஓடியிருந்தது. "தப்பா நெனச்சுக்காதம்மா. இதைப் போட்டுக்கிட்டுத் தொழணும்ல. மனசு ஒப்பாது" என்றார். அவர் சொன்ன விதத்தில் ஒரு சுடுசொல் இல்லை. துணியைத் திருப்பித் தரவும் இல்லை, காசைக் குறைக்கவும் இல்லை. அவர்கள் மார்க்கத்தில் நாய் பட்டதைக் கழுவித்தான் உடுத்துவார்கள் என்பது இந்தக் கரையில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாததல்ல. அதற்கு மதிப்புக் கொடுக்கும் பொறுப்பு என்னுடையதுதான். அன்றிலிருந்து முன்னறை வாசலில் இடுப்பு உயரத்துக்குத் தட்டி வைத்தாயிற்று. சங்கு கொல்லைப்பக்கமும் பின்கட்டும்தான். வெட்டிய துணி தகரப் பெட்டிக்குள், தைத்து முடித்தது பாலித்தீன் உறைக்குள்.

அப்படியும் முடி வந்தது. காற்றில் வந்தது, என் சேலை முந்தானையில் வந்தது, பிள்ளைகள் காலில் வந்தது. தையல் மெஷினை எண்ணெய் போட மல்லாத்தினால் பாபின் கேஸைச் சுற்றி வெள்ளையாக ஒரு திரளை இருக்கும். பல் தகட்டின் திருகைக் கழற்றித் தூக்கினால் பற்களுக்கு இடையே நூல் பிசிறும் மெஷின் எண்ணெயும் நாய் முடியும் சேர்ந்து கம்பளிபோல இறுகிக் கிடக்கும். ஊசி முனையால் நெம்பித்தான் எடுக்க வேண்டும். துணி நகராமல் நின்ற இடத்திலேயே தையல் குத்திக்கொண்டிருப்பதும், அடிநூல் சிக்கிக்கொண்டு கொத்தாக வருவதும் இதனால்தான். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "அக்கா, மெஷினுக்கு ஒண்ணும் இல்ல, நாயைத்தான் சர்வீஸுக்கு விடணும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் விஷயம் அதுதான். வீட்டைச் சுத்தம் செய்துகொண்டே இருப்பதில் பிரயோஜனம் இல்லை, முடி புறப்படும் இடத்திலேயே பிடிக்க வேண்டும்.

அப்படியானால் மழிப்பதுதானே சுலபம் என்று கேட்கலாம். இல்லை.

லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், பொமேரேனியன், கோல்டன் ரெட்ரீவர், ஹஸ்கி இவற்றுக்கெல்லாம் முடி இரண்டு அடுக்கு. மேலே தெரிவது கொஞ்சம் முரடான காவல் முடி. அதை விரலால் பிளந்து பார்த்தால் அடியில் பஞ்சுபோல மெத்தென்று இன்னோர் அடுக்கு இருக்கும். கொத்துக் கொத்தாகக் கொட்டுவது பெரும்பாலும் இந்த அடி முடிதான். மேல்முடி வெயிலையும் மழையையும் தடுக்கிறது, தோல் வெந்துபோகாமல் காக்கிறது. மழித்தால் இரண்டும் ஒரே மட்டத்துக்குப் போய்விடும். அதற்குப் பிறகும் கொட்டாமல் இருக்காது. நீள முடிக்குப் பதிலாக ஊசி ஊசியாகக் குட்டை முடி கொட்டும். நீள முடியையாவது கையால் பொறுக்கலாம். குட்டை முடி துணி நெசவுக்குள் செருகிக்கொண்டால் எடுக்க முடியாது. தையற்காரி சொல்கிறேன், நம்புங்கள்.

குளிர்ச்சி என்பதும் அப்படித்தான். நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கிறது, அதனால் சட்டையைக் கழற்றினால் சுகமாக இருக்கிறது. நாய்க்கு வியர்வை பாதத்தின் அடியில் கொஞ்சம் வருவதோடு சரி. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் அது உடம்புச் சூட்டை வெளியேற்றுகிறது. முதுகை மழிப்பதால் அந்த வேலை சுலபமாகிவிடாது. நிழலும், மாற்றி மாற்றி வைக்கிற தண்ணீரும், படுக்க ஈரமான சிமென்ட் தரையும்தான் அதற்குக் குளிர்ச்சி. மழித்த வெள்ளை நாயை நம் ஊர் உச்சி வெயிலில் விட்டால் தோல் சிவந்து உரிந்துவிடும்.

எதிர் வீட்டுப் பொமேரேனியனை இரண்டு கோடைக்கு முன்னால் மழித்தார்கள். மதுரையில் ஒரு நாய் அழகு நிலையத்தில், நல்ல காசு கொடுத்து. கழுத்திலும் காலிலும் முடி வளர்ந்துவிட்டது. முதுகிலும் பின் தொடையிலும் இன்றுவரை சரியாக வரவில்லை, தோல் கறுத்துப்போய்த் தெரிகிறது. இந்த வகை நாய்களில் மழித்த இடத்தில் முடி திரும்ப வர ஒரு வருடத்துக்கு மேல்கூட ஆகும், சிலவற்றுக்கு முன்போல வராமலே போவதும் உண்டு என்று கால்நடை டாக்டர் சொன்னார். மருத்துவக் காரணத்துக்காக, புண்ணுக்கு மருந்து போடவோ அறுவைச் சிகிச்சைக்கோ, டாக்டரே மழிப்பது வேறு. சடை விழுந்து தோலை இழுக்கும் நிலைக்குப் போன நாய்க்கும் வேறு வழி இருக்காது. கோடைக்காக மழிப்பது என்பது வேண்டாத வேலை.

இன்னொரு விஷயம் எனக்கே கேட்க ஆச்சரியமாக இருந்தது. லேப்ரடாரின் முன்னோர்கள் கனடாவில் நியூஃபவுண்ட்லாந்து என்கிற தீவில் மீனவர்களோடு கடலுக்குப் போன நாய்களாம். வலையை இழுத்துக் கொடுப்பதும், தப்பி விழுந்த மீனைக் கவ்வி வருவதும் அவற்றின் வேலை. ஐஸ் மாதிரித் தண்ணீரில் குதிக்கத்தான் அந்த அடி முடி. பிழைப்பு என்னவோ நம் ஊர்ப் பிழைப்புதான், ஆனால் நம் கடல் ஐஸ் கடல் இல்லையே! அங்கெல்லாம் பகல் நீள்வதையும் குறுகுவதையும் வைத்து நாயின் உடம்பு பருவத்தைக் கண்டுகொள்ளும். குளிருக்கு முன்னால் அடர்த்தியாக வளர்த்துக்கொள்ளும், வெயில் வருவதற்குள் மொத்தமாக உதிர்க்கும். லண்டனில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் எட்டு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். மண்டபம் இருப்பது பூமத்திய ரேகையிலிருந்து 9 டிகிரி வடக்கே. இங்கே ஜூன் பகலுக்கும் டிசம்பர் பகலுக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். போதாக்குறைக்கு ராத்திரி பதினொரு மணி வரை வீட்டில் டியூப் லைட் எரிகிறது. சங்குவின் உடம்புக்கு எது கோடை எது குளிர்காலம் என்று எப்படித் தெரியும்? ஆகவே வருடம் பூராவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக்கொண்டே இருக்கும், நடுநடுவே சில வாரம் அதிகமாகக் கொட்டும். இந்த வகை நாயை இந்தக் கரையில் வளர்த்தால் அதுதான் நடப்பு. "கொட்டவே கொட்டாம நிறுத்திடலாம்" என்று யாராவது பாட்டில் விற்றால் வாங்காதீர்கள்.

நிறுத்த முடியாது, ஆனால் குறைக்க முடியும். அதற்கு ஒரே வேலை சீவுவது. வாரத்துக்கு ஒருநாள் உட்கார்ந்து ஒரு மணி நேரம் சீவுவதைவிடத் தினமும் பத்து நிமிடம் சீவுவது மேல். முதலில் ரப்பர் முள் வைத்த கைப்பிரஷ். அதை வட்டம் வட்டமாகத் தேய்த்தால் உதிரத் தயாராக இருக்கிற முடி மேலே வந்துவிடும், நாய்க்கும் சொறிந்துவிடுவதுபோலச் சுகமாக இருக்கும். அப்புறம் பல் நீண்ட, முனை மழுங்கிய இரும்புச் சீப்பு. முடி படிந்திருக்கும் திசையிலேயே, தோலில் அழுத்தாமல் இழுக்க வேண்டும். கழுத்துப் பட்டைக்கு அடியிலும், பின் தொடையிலும், வால் தொடங்கும் இடத்திலும்தான் அதிகம் அடைந்திருக்கும். அங்கே சீப்பு சிக்கினால் இழுக்கக் கூடாது. தோல் பக்கத்தில் முடியை விரலால் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து பிரித்து வர வேண்டும். பிளேடு வைத்த சீப்பு ஒன்றும் கடையில் விற்கிறார்கள். ஒரே தடவையில் மலைமலையாக முடி வருவதைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் அதைத் தினமும் போட்டால் நல்ல மேல்முடியையும் அறுத்துவிடும். நான் எப்போதாவதுதான் எடுப்பேன்.

சீவும்போது காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். சிரிக்காதீர்கள். எங்கள் கொல்லைக்கு அடுத்த திடலில் கருவாடு காயப்போடுகிறார்கள். கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கிற மாதங்களில் மேற்குப் பக்கம் உட்கார்ந்து சீவினால் அத்தனை முடியும் நெத்திலி மேல்தான் போய் உட்காரும். பக்கத்து வீட்டு அத்தாச்சி வாயில் யார் விழுவது? கச்சானுக்கு வேலியின் கிழக்கு மூலை, வாடைக்குத் தெற்கு மூலை என்று நாங்கள் இடம் வைத்திருக்கிறோம். வந்த முடியைக் கையோடு ஈரச் சாக்கில் அமுக்கிக் கட்டிவிட வேண்டும்.

சீவுவதில் இன்னொரு லாபம், தோல் கண்ணுக்குத் தெரிகிறது. உண்ணி இருந்தால் காது மடலுக்குள்ளும் விரல் இடுக்கிலும் அன்றைக்கே பிடித்துவிடலாம். மிளகுத்தூள் மாதிரிக் கறுப்பாக ஏதாவது உதிர்ந்தால் அதை ஈரமான வெள்ளைத் துணியில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். சிவப்பாகக் கரைந்தால் அது மண் அல்ல, தெள்ளுப்பூச்சியின் எச்சம். நாயின் ரத்தத்தைக் குடித்துப் போட்டது. தெள்ளு இருக்கிற நாய் சொறிந்து சொறிந்தே பாதி முடியை உதிர்த்துவிடும். அதை விட்டுவிட்டுச் சீப்பை மாற்றிக்கொண்டிருந்தால் என்ன பயன்?

குளிப்பாட்டுவது பற்றி எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் போர் தண்ணீர் உப்பு. குடிக்கக் காவிரித் தண்ணீர் குழாயில் வருவதும் வராததும் அவரவர் அதிர்ஷ்டம். அதனால் நாயைப் போர் தண்ணீரில் குளிப்பாட்டுகிறோம், அல்லது கடலுக்கே கூட்டிப்போய் விட்டுவிடுகிறோம். சங்குவுக்குக் கடல் என்றால் உயிர், பாக் நீரிணைப் பக்கம் அலை இல்லாத நாளில் கழுத்தளவு தண்ணீரில் நிற்பான். நிற்கட்டும், தப்பில்லை. ஆனால் உப்பு தோலில் காய்ந்தால் வறட்சி, அரிப்பு, பொடுகு, அப்புறம் முடி உதிர்வு. கரைக்கு வந்ததும் இரண்டு வாளி நல்ல தண்ணீர் ஊற்றி அலச வேண்டும். கடல் தண்ணீரைக் குடிக்க விடவும் கூடாது. வாந்தி பேதியில் ஆரம்பித்து உயிருக்கே ஆபத்தாகலாம். போர் தண்ணீரில் குளிப்பாட்டினாலும் கடைசி அலசலுக்கு ஒரு குடம் நல்ல தண்ணீர் ஒதுக்குங்கள். நாம் போடும் சோப்பும் ஷாம்பூவும் நாய்த் தோலுக்கு ஒத்துவராது. நம் தோல் கொஞ்சம் அமிலத் தன்மை உள்ளது, நாயின் தோல் அவ்வளவு இல்லை. அதற்கென்று விற்கிற ஷாம்பூதான் சரி. அழுக்காகாத நாயை அடிக்கடி குளிப்பாட்டவும் வேண்டாம், தோலில் இருக்கிற இயற்கை எண்ணெய் போய்விடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னொரு தொல்லை. அடி முடி நனைந்தால் லேசில் காயாது. மேலே தொட்டால் காய்ந்தமாதிரி இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். அந்தப் புழுக்கத்தில்தான் பூஞ்சைக் காளானும் புண்ணும் வருகிறது. பழைய துண்டால் தோல் வரைக்கும் துவட்டி, ஃபேனுக்கு முன்னால் படுக்கப் போட வேண்டும். முக்கால்வாசி காய்ந்ததும் சீவினால் அடி முடி சுலபமாகக் கழன்று வரும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். முடி என்பது பெரும்பாலும் புரதம். மீந்த சோறும் ரசமும், மோரும் சோறும் என்றே போட்டால் நாய் வயிறு நிரம்பும், முடிக்கு ஒன்றும் மிஞ்சாது. இந்த விஷயத்தில் நம் கரைக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். சூடை, பேச்சாளை இரண்டும் எண்ணெய்ச் சத்துள்ள மீன்கள். ஒமேகா 3 என்று மாத்திரையில் அடைத்து விற்கிறார்களே, அது இவற்றிலேயே இருக்கிறது. நான் உப்பு, புளி, மிளகாய் எதுவும் சேர்க்காமல் குக்கரில் முள் மசியும்வரை வேகவைத்துச் சோற்றில் பிசைந்து போடுகிறேன். பச்சை மீனாகப் போடுவதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகு போகாது. அப்போதும் நாட்டுப்படகில் சூடை கொஞ்சம் கிடைக்கும், விலைதான் எகிறும். அந்த நாளில் அவித்த முட்டை. சிலர் மினுமினுப்பு வரும் என்று பச்சை முட்டையை உடைத்து ஊற்றுகிறார்கள். பச்சை வெள்ளைக்கருவில் உள்ள ஒரு பொருள், முடிக்கு வேண்டிய பயோட்டின் சத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். அவித்தால் அந்தப் பிரச்சினை இல்லை. கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். மீன் குழம்புச் சட்டியை வழித்து வைப்பதும் வேண்டாம். அதில் வெங்காயமும் பூண்டும் இருக்கிறது, இரண்டும் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும். மீன் எண்ணெய் மாத்திரை கொடுப்பதானால் எடைக்குத் தக்க அளவை டாக்டரிடம் கேட்டுக் கொடுங்கள். எதைக் கொடுத்தாலும் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

இதுவரை சொன்னதெல்லாம் நல்ல நாய்க்குக் கொட்டுகிற முடி பற்றி. கொட்டுவதே நோயாக இருப்பது வேறு. தங்கள் பெட்டிச் செய்தியில் எனக்கு அதிகமாகக் கோபம் வந்தது இங்கேதான், இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உடம்பு பூராவும் ஒரே சீராகக் கொட்டி, தோல் சுத்தமாக இருந்தால் பயமில்லை. வட்டம் வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, தோல் சிவந்து பொருக்குத் தட்டினாலோ, நாற்றம் அடித்தாலோ, ராத்திரி தூங்காமல் சொறிந்தாலோ அது சீப்பு வேலை இல்லை, டாக்டர் வேலை. காது ஓரத்திலும் முழங்கையிலும் தொடங்குகிற சொறி மனிதர்களுக்கும் ஒட்டும். வட்டமாக வருகிற படையும் அப்படித்தான், குழந்தைகள் இருக்கிற வீட்டில் தாமதிக்கவே கூடாது. சொறிய மாட்டேன் என்கிற நாய்க்கு இரண்டு பக்க விலாவிலும் ஒரேமாதிரி முடி மெலிந்து, வால் எலி வால் மாதிரி ஆகி, சாப்பாட்டைக் கூட்டாமலே உடம்பும் பெருத்து, எந்நேரமும் படுத்தே கிடந்தால் தைராய்டு குறைவாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மாத்திரை உண்டு. இப்படிப்பட்ட நாயை மழித்துவிட்டால் சொட்டை எங்கே விழுந்தது என்றே தெரியாமல் போய்விடும். குட்டி போட்ட பெட்டைக்குக் கொட்டுவது மட்டும் சகஜம், பால் மறந்ததும் தானாக வளரும்.

படகுத் துறைப் பக்கம் சொறி பிடித்த நாய்க்கு இன்ஜினிலிருந்து வடித்த கழிவு ஆயிலைப் பூசுகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. பூசுகிறவர்கள் இரக்கத்தில்தான் பூசுகிறார்கள். ஆனால் நாய் நக்காமல் இருக்காது. நக்கினால் வயிற்றுக்குள் விஷம், நக்காவிட்டாலும் தோல் எரியும். மண்ணெண்ணெய், பினாயில் எல்லாம் அதே கணக்குதான். உண்ணிக்கும் தெள்ளுக்கும் இப்போது மாத்திரையும் கழுத்தில் விடுகிற சொட்டு மருந்தும் இருக்கிறது. எடை பார்த்து டாக்டர் எழுதித் தருவார். உண்ணி நாய் மேல் மட்டும் இருப்பதில்லை, சுவர் வெடிப்பிலும் கதவு இடுக்கிலும் முட்டை வைக்கும். அதையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் அடுத்த மாதம் திரும்ப வந்துவிடும். உண்ணிக் காய்ச்சலில் நாய் சாவது இந்தப் பக்கம் புதிதல்ல.

என் மாமியார் ஒன்று சொல்வார், நாய் முடி வயிற்றுக்குள் போனால் மூச்சிரைப்பு வரும், வெளியே வரவே வராது என்று. இதைச் சொல்லாத வீடு நம் பக்கம் இருக்காது. ஒரு முடியை விழுங்கினால் அது வந்த வழியே போய்விடும். நாய் உள்ள வீட்டில் சிலருக்குத் தும்மலும் இரைப்பும் வருவது உண்மை. ஆனால் அது முடியால் அல்ல, நாயின் பொடுகிலும் எச்சிலிலும் இருக்கிற புரதம் ஒத்துக்கொள்ளாததால். முடி அதைச் சுமந்து வருகிறது, அவ்வளவுதான். அதனால் மழித்தாலும் இரைப்பு நிற்காது. பயப்பட வேண்டியது முடியில் ஒட்டியிருக்கக்கூடிய நாடாப்புழு முட்டைக்குத்தான். நாய்க்கு வேளாவேளைக்குப் பூச்சி மருந்து கொடுத்து, தொட்டபின் கையைக் கழுவினால் அந்தப் பயமும் இல்லை. மாமியார் இன்னும் நம்பவில்லை. சாப்பிடும்போது தட்டை முந்தானையால் மூடிக்கொள்கிறார். மூடட்டும், நல்லதுதானே.

வீட்டுக்குள் விழுந்ததை எடுக்க, தையல்காரர்களுக்குத் தெரிந்த வழி ஒன்று. துடைப்பம் போடாதீர்கள், எழும்பிப் பறக்கும். தரையை ஈரத் துணியால் துடையுங்கள். துணியில் ஒட்டியதற்கு, நண்டுக் கம்பெனிப் பெண்கள் போடும் ரப்பர் கையுறையைத் தண்ணீரில் நனைத்து உதறிவிட்டு ஒரே திசையில் வழித்தால் முடி உருண்டு உருண்டு வந்துவிடும். துணியை இஸ்திரி போடுவதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும். சூடு பட்டால் முடி நெசவில் படிந்துவிடும்.

இவ்வளவு பாடும் வேண்டாம் என்பவர்கள் நாய் வாங்குவதற்கு முன்னாலேயே யோசிக்க வேண்டும். தம்பிக்குக் குட்டியை விற்ற கடையில், "லேப் குட்டை முடிண்ணே, கொட்டவே கொட்டாது" என்றுதான் சொன்னார்களாம். குட்டை முடிக்கும் கொட்டாத முடிக்கும் சம்பந்தமே இல்லை. இப்போது ராமநாதபுரம் வரை ஹஸ்கி குட்டி விலைக்கு வருகிறது, பனியில் வண்டி இழுக்கிற நாய்! 2005இல் அஞ்சல் தலையிலேயே இடம்பிடித்த ராஜபாளையம் நாயும், சிப்பிப்பாறையும், கன்னியும், கோம்பையும் நம் வெயிலுக்கென்றே பிறந்தவை. முடி குட்டை, அடியில் அந்தப் பஞ்சு அடுக்கு அடர்த்தியாக இருக்காது. கொட்டுவது அவற்றுக்கும் உண்டு, ஆனால் ஒரு துண்டால் துடைத்தால் தீர்ந்தது. அவற்றுக்கு ஓட இடம் வேண்டும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தெருவில் பிறந்த குட்டியை எடுத்து வளர்த்தால் இன்னும் நல்லது, அதற்கு விலையும் இல்லை.

ஆசிரியர் அவர்களிடம் நான் கேட்பது இதுதான். வரும் ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு பெட்டியில், மழிக்கச் சொன்னது சரியல்ல என்று ஒரு திருத்தம் போடுங்கள். அக்கினி நட்சத்திரம் தொடங்குவதற்குள் வந்தால்தான் பிரயோஜனம். இனி நாய், பூனை, ஆடு, மாடு பற்றிய குறிப்பு எதுவானாலும் ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட்டு, அவர் பெயரோடு அச்சிடுங்கள். தலைமுடிக்குத் தயிர் தடவச் சொல்லும் குறிப்பு தவறானால் எங்களால் கழுவிக்கொள்ள முடியும்.

கால்நடைத் துறைக்கும் ஒரு வேண்டுகோள், இதையும் சேர்த்தே போடுங்கள். 1962 என்கிற எண்ணுக்கு அழைத்தால் ஆடு மாட்டுக்கு வண்டி வருகிறது, நல்ல ஏற்பாடு. வெறிநாய்த் தடுப்பூசி முகாமும் நடத்துகிறார்கள். அந்த முகாமுக்கு நாயைக் கூட்டிவரும் அன்றே தோலையும் பார்த்து, உண்ணி மருந்துக்கு எடை போட்டு எழுதிக் கொடுத்தால், ராமேசுவரம் தீவிலும் மண்டபத்திலும் இருப்பவர்கள் அதற்கென்று தனியாக ஒருநாள் கூலியை விட்டுவிட்டு ராமநாதபுரத்துக்கு நாயைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருக்காது. முப்பது கிலோ நாயைப் பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்கிறார்கள், ஆட்டோவுக்குப் போக வர ஆகிற காசில் ஒரு மாத மருந்து வாங்கிவிடலாம்.

சலூனுக்குப் போன இரண்டு பேரில் ஒருவரைத் தடுத்துவிட்டேன். மற்றவருடைய ஜெர்மன் ஷெப்பர்டுக்குப் பாதி முதுகு ஏற்கெனவே போய்விட்டது. அதற்கு வெயில் படாமல் இருக்க என்னிடம் மீந்திருந்த பருத்தித் துணியில் ஒரு சட்டை தைத்துக் கொடுத்திருக்கிறேன். கூலி வாங்கவில்லை. திருத்தம் வந்த நாளிதழின் ஒரு பிரதியை அவருக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், மறக்காமல் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்